பனிமலைக் காவலன் நம் வீட்டுப் பிள்ளை

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பகல் ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வந்தவர்களும், நடவு முடித்துக் கை கால் கழுவிக்கொண்டு நேரே வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். "கூலிப் பிரச்னை கழுத்தை நெரிக்கிறது, இவர்கள் இமயமலை எல்லையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான நினைப்புதான். ஆனால் எல்லையைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் நாம் வந்து நிற்கப் போவது கூலியில்தான், பென்ஷனில்தான், வாய் திறந்து குறை சொல்லும் உரிமையில்தான்.

சிவகங்கைச் சீமையில் இலுப்பைக்குடி என்று ஓர் ஊர். சீமைக்கருவேல் மண்டிய அந்த வறண்ட பூமியில் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படையின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. பல மாகாணங்களிலிருந்து வரும் பையன்கள் அங்கே வெயிலில் ஓடிப் பழகுகிறார்கள். பிறகு பனிமலைக்குப் போகிறார்கள். அவர்கள் யார்? மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளா? நூறு வேலி நிலம் வைத்திருப்பவரின் பிள்ளைகளா? இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமுள்ள விவசாயியின் மகன். ஆட்குறைப்பில் வேலை போன தொழிலாளியின் மகன். ஆடு மேய்ப்பவரின் மகன். நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அவர்களை சர்க்கார் எப்படி நடத்துகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

படை பிறந்த கதை

1959 அக்டோபர் 21ம் தேதி, லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தில், ரோந்து போன மத்திய ரிசர்வ் போலீஸ் ஜவான்கள் 10 பேர் சீனத் துருப்புகளின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். வருஷா வருஷம் அக்டோபர் 21ம் தேதி நம் ஊர் போலீஸ் மைதானத்திலும் காவலர் வீரவணக்க நாள் என்று துப்பாக்கியைக் கவிழ்த்து அஞ்சலி செலுத்துகிறார்களே, அது அந்தப் பத்துப் பேரின் நினைவாகத் தொடங்கியதுதான். அந்தக் காலத்தில் அந்த எல்லையைக் காக்கத் தனிப் படை கிடையாது.

1962 அக்டோபர் 20ம் தேதி யுத்தம் மூண்டது. நான்கு நாள் கழித்து, அக்டோபர் 24ம் தேதி, இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் படை அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் நான்கே பட்டாளம். இன்று சுமார் 90,000 பேர். 1992ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ஓர் எல்லைக்கு ஒரே படை என்ற முடிவின்படி, 2004ல் சிக்கிமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படை பார்த்துவந்த காவலும் இதன் கைக்கு வந்தது. கரகோரம் கணவாயிலிருந்து அருணாசலத்தின் கிழக்குக் கோடியில் ஜாச்சேப் லா வரை 3,488 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நீளும் தூரத்தை விட இது அதிகம். அதுவும் சமவெளியல்ல, பனிமலை!

2023 பிப்ரவரியில் மேலும் 7 பட்டாளங்களுக்கு மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. அதற்காக 9,400 பேரை எடுக்க முடிவு செய்தார்கள்.

காவல் வேறு, யுத்தம் வேறு

தோழர்களே, ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் படை ராணுவம் அல்ல. ராணுவம் பாதுகாப்பு மந்திரி இலாகாவின் கீழ் இருக்கிறது. இது உள்நாட்டு மந்திரி இலாகாவின் கீழ் இருக்கிறது. எல்லையில் ராணுவத்தை நிறுத்தினால் "சண்டைக்குத் தயார்" என்று பொருள். போலீஸ் படையை நிறுத்தினால் "நாங்கள் சண்டைக்கு வரவில்லை, எங்கள் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிறோம்" என்று பொருள். ரோந்து போவது, ஊடுருவலையும் கள்ளக்கடத்தலையும் தடுப்பது, எல்லைக் கிராமத்து மக்களுக்குத் துணை நிற்பது, இவைதான் அதன் அன்றாட வேலை.

இந்த எல்லையில் இன்னொரு சிக்கல் உண்டு. வரப்புத் தகராறு உங்களுக்குத் தெரியும். "என் வரப்பு இந்த வேப்பமரம் வரை" என்பான் ஒருவன். "இல்லை, அந்தக் கல் வரை என்னுடையது" என்பான் அடுத்தவன். அளந்து கல் நட்டால்தான் தகராறு தீரும். இந்திய-சீன எல்லையில் பெரும்பகுதி இன்னும் கல் நடாத வரப்புதான். அதை நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோடு என்கிறார்கள். அந்தக் கோடு எங்கே போகிறது என்பதில் பல இடங்களில் இரு தரப்புக்கும் இரண்டு கணக்கு. ஆகவே இங்கிருந்து போகும் ரோந்தும் அங்கிருந்து வரும் ரோந்தும் சில சமயம் நேருக்கு நேர் நின்றுவிடும்.

அப்போது என்ன செய்கிறார்கள்? சுடுவதில்லை. "இது எங்கள் பகுதி, திரும்பிப் போங்கள்" என்று எழுதிய துணிப் பதாகையை விரித்துக் காட்டுகிறார்கள். ஊர்வலத்தில் நாம் பிடிப்பது போன்ற பதாகைதான்! பிறகு அதிகாரிகள் கொடியோடு சந்தித்துப் பேசுகிறார்கள். இரு நாடுகளும் 1993லும் 1996லும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இதற்கு அடிப்படை. கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கிச் சூடு நடத்தக் கூடாது என்கிறது 1996ம் வருஷ ஒப்பந்தம். உத்தராகண்டில் பாராஹோட்டி என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. இரு தரப்பும் உரிமை கோரும் அந்த இடத்துக்குத் துருப்புகளை அனுப்புவதில்லை என்று 1958லேயே ஒப்புக்கொண்டார்கள். இந்தப் படையினர் அங்கே ஆயுதமில்லாமல், சீருடையும் இல்லாமல் போய்ப் பார்த்துவருவது வழக்கமாயிற்று. கையில் துப்பாக்கி இருந்தும் சுடாமல் நிற்க எத்தனை நெஞ்சுறுதி வேண்டும்! கோபத்தில் கல்லெறிவது சுலபம். கட்டுப்பாடாக நிற்பது கடினம். வேலைநிறுத்தம் நடத்திப் பழகிய உங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2013 ஏப்ரலில் லடாக்கின் டெப்சாங் சமவெளியில் சீனத் துருப்புகள் கூடாரம் அடித்தன. மூன்று வாரம் இரு தரப்பும் எதிரெதிரே நின்றன. ஒரு குண்டு வெடிக்காமல் பேசித் தீர்த்தார்கள்.

ஆனால் 2020 ஜூன் 15ம் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. தடியாலும் கல்லாலும் நடந்த மோதலில் நம் ராணுவத்தினர் 20 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. தங்கள் தரப்பில் 4 பேர் இறந்ததாக சீனா 2021 பிப்ரவரியில் சொன்னது. 1975க்குப் பிறகு 45 வருஷம் இந்த எல்லையில் மோதலால் ஓர் உயிரும் போகவில்லை. அந்தச் சாதனை ஒரே இரவில் போயிற்று. அந்த நாட்களின் மோதல்களில் உறுதியோடு நின்றதற்காக எல்லைப் போலீஸ் படையினர் 20 பேர் 2021ல் வீரப் பதக்கம் பெற்றார்கள்.

அந்தப் பக்கம் செத்தவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான் என்று சொல்ல நாம் தயங்க மாட்டோம். கல்வான் முடிந்ததும் பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு "யுத்தம், யுத்தம்" என்று கூச்சல் போட்டவர்கள் யார்? யுத்தம் வந்தால் தங்கள் பிள்ளையை அனுப்ப வேண்டியிராதவர்கள்! முடிவில் வழி திறந்தது எப்படி? பல சுற்றுப் பேச்சுவார்த்தையால்தான். டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து பற்றி 2024 அக்டோபரில் உடன்பாடு கண்டார்கள். நான்கு வருஷத்துக்கு மேல் பனியில் நின்ற நம் பிள்ளைகள் பேச்சுவார்த்தைக்குக் கால அவகாசம் வாங்கிக் கொடுத்தார்கள். காவலன் செய்யும் பெரிய சேவை இதுதான்: யுத்தம் மூளாமல் பார்த்துக்கொள்வது.

மூச்சு முட்டும் வேலை

இந்தப் படையின் சாவடிகள் 9,000 அடியிலிருந்து 18,800 அடி உயரம் வரை இருக்கின்றன. நம் ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 8,650 அடிதான். அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான உயரத்தில் மனிதன் குடியிருக்கிறான்.

18,000 அடியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் பாதிப் பிராணவாயு! கார்டிங் பிரிவில் பஞ்சு நெஞ்சை அடைக்கும்போது மூச்சு வாங்குமே, அந்த மூச்சோடு துப்பாக்கியும் மூட்டையும் சுமந்து மலை ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். திடீரென்று உயரத்துக்குப் போனால் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துப்போவான். அதனால் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் சில நாள் தங்க வைத்து, உடம்பைப் பழக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். குளிர் பூஜ்யத்துக்கும் கீழே 40 டிகிரியைத் தாண்டும். கையுறை நனைந்தால் விரல் கறுத்து, வெட்ட வேண்டியதாகிவிடும். தண்ணீர் 82 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அரிசி வேகாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் சோறில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். பாதை மூடினால் மாதக்கணக்கில் வேறு மனித முகம் பார்க்க முடியாது.

ஆபத்தில் உதவும் கை

2013 ஜூனில் கேதார்நாத் பக்கம் வெள்ளம் வந்தது. பாதைகள் அறுந்து, பல்லாயிரம் யாத்திரிகர்கள் மலையில் சிக்கினார்கள். கயிறு கட்டியும் முதுகில் சுமந்தும் இந்தப் படையினர் 33,000க்கு மேற்பட்டோரைக் கரை சேர்த்தார்கள். ஜூன் 25ம் தேதி மீட்பு வேலையில் இருந்த ஹெலிகாப்டர் விழுந்து 20 பேர் மாண்டார்கள். விமானப் படையினரோடும் பேரிடர் மீட்புப் படையினரோடும் இந்தப் படையின் ஜவான்களும் அதில் உயிர் விட்டார்கள்.

2021 பிப்ரவரி 7ம் தேதி சமோலி மாவட்டத்தில் ரிஷிகங்கா நதியில் பாறையும் பனியும் இடிந்து வெள்ளமாக இறங்கின. தபோவனில் நீர்மின் திட்ட வேலை நடந்துகொண்டிருந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 200க்கு மேல். பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த தொழிலாளிகள். அன்று மாலை, சேறு அடைத்த ஒரு சுரங்கத்திலிருந்து 12 தொழிலாளிகளை உயிரோடு மேலே தூக்கிவிட்டார்கள் எல்லைப் படை ஜவான்கள். வெளியே வந்த ஒரு தொழிலாளி இரு கையையும் உயர்த்திக் குதித்ததைப் படத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். தூக்கிவிட்ட கையும் உழைக்கும் வர்க்கத்தின் கைதான், மேலே வந்த கையும் உழைக்கும் வர்க்கத்தின் கைதான்.

அவர்களோடு நிற்பவர்கள்

எல்லையை ஜவான் மட்டும் காக்கவில்லை. அவன் போகும் பாதையை வெட்டியவர் யார்? ஜார்க்கண்டின் தும்கா பக்கத்துச் சந்தால் பழங்குடித் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகளாக லடாக்குக்குப் போய் எல்லைச் சாலை போடுகிறார்கள். 2020 ஜூனில், கல்வான் மோதலுக்கு இரண்டே நாள் முன்பு, சுமார் 1,600 பேரை ஏற்றிக்கொண்டு தும்காவிலிருந்து ரயில் புறப்பட்டது. நடுவில் இருக்கும் தரகன் கூலியில் கை வைக்கக் கூடாது, பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று அந்த மாகாண சர்க்கார் அப்போது நிபந்தனை போட்டது. அப்படிப் போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

லடாக்கின் சாங்தாங் மேட்டில் பாஷ்மினா ஆடு மேய்க்கும் நாடோடிகள் உண்டு. 2024 ஜனவரியில், மேய்ச்சல் நிலத்தை விட்டுப் போகச் சொன்ன சீனத் துருப்புகளிடம் வெறுங்கையோடு நின்று அவர்கள் வாதாடினார்கள். மேய்ப்பன் மேய்ச்சலை விட்டு ஓடினால், அந்த நிலம் நம்முடையது என்பதற்குச் சாட்சி யார்? ஆகவே எல்லைக் கிராமத்தில் ஜனங்கள் வாழ வழி செய்வதும் எல்லைக் காவல்தான். ஆடு, கோழி, மீன் முதலியவற்றை உள்ளூர் மக்களிடம் வாங்க எல்லைப் படை 2024 அக்டோபரில் உத்தராகண்ட் சர்க்காரோடு ஒப்பந்தம் செய்தது. நல்ல காரியம், இது எல்லா மலை மாகாணங்களுக்கும் பரவட்டும்.

கழுத்தில் மாலை, மடியில் கை

இத்தனையும் செய்யும் ஜவானை சர்க்கார் எப்படி நடத்துகிறது? மேடைக்கு மேடை "மாவீரன்" என்கிறார்கள். கழுத்தில் மாலை போட்ட அதே கை அவன் மடியில் இருந்ததை எடுத்துக்கொண்டது.

2004 ஜனவரி 1ம் தேதிக்குப் பிறகு மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றார்கள். முப்படையினருக்கு மட்டும் விலக்குத் தந்தார்கள். எல்லைப் போலீஸ் ஜவான்? "நீ உள்நாட்டு இலாகாவின் ஆள், உனக்கு விலக்குக் கிடையாது" என்றார்கள். ஒரே மலை, ஒரே பனி, ஒரே குண்டு. ஆனால் கிழவனான பிறகு ஒருவனுக்கு நிச்சயமான பென்ஷன், இன்னொருவனுக்குப் பங்குச் சந்தை ஏறி இறங்குவதைப் பொறுத்த பென்ஷன்! சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் மாதா மாதம் 10 சதவிகிதம் பிடித்தம் வேறு.

இவர்களும் நாட்டின் ஆயுதப் படையினரே, பழைய பென்ஷன் பெற உரிமையுள்ளவர்களே என்று 2023 ஜனவரி 11ம் தேதி டில்லி ஹைக்கோர்ட் தீர்ப்புச் சொன்னது. சர்க்கார் ஏற்றதா? சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது! 2025 ஏப்ரல் முதல் "ஒருங்கிணைந்த பென்ஷன்" என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதிலும் 10 சதவிகிதப் பிடித்தம் போகவில்லை. 25 வருஷம் வேலை பார்த்தால்தான் முழுப் பலன். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களும் ஊழியர்களும் எந்தப் பறிப்பை எதிர்த்துத் தெருவில் நின்றார்களோ, பனிமலையில் இருப்பவனுக்கும் நடந்தது அதே பறிப்புதான்.

ராணுவத்திலோ 2022 முதல் அக்னிபத் என்ற திட்டம். நான்கு வருஷம் வேலை. பிறகு நால்வரில் ஒருவனுக்குத்தான் நிரந்தரம். மில்லில் நிரந்தரத் தொழிலாளியை ஒழித்துப் பதிலியையும் காண்ட்ராக்ட் ஆளையும் வைக்கிறார்களே, அதையே பட்டாளத்திலும் வைத்துவிட்டார்கள்.

மத்தியப் போலீஸ் படைகள் எல்லாவற்றிலும் சேர்த்து, ஐந்து வருஷத்தில் 700க்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டதாக 2024ல் சர்க்காரே பார்லிமெண்டில் கணக்குக் கொடுத்தது. எதிரியின் குண்டல்ல தோழர்களே! ஓயாத வேலை, கிடைக்காத லீவு, வீட்டுக் கவலை. வருஷத்தில் 100 நாள் குடும்பத்தோடு இருக்க வழி செய்வதாக 2019ல் அறிவித்தார்கள். ஒவ்வொரு ஜவானுக்கும் அந்த 100 நாள் கிடைக்கும் வரை அந்த அறிவிப்பு வெறும் காகிதம்தான்.

வாய்ப்பூட்டு

"அவர்களே கேட்கக் கூடாதா?" என்பீர்கள். கேட்க முடியாது. அனுமதியில்லாமல் எந்தத் தொழிற்சங்கத்திலும் சேரக் கூடாது என்று அவர்களுடைய படைச் சட்டமே தடுக்கிறது. 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை ஜவான் ஒருவர், தனக்குக் கிடைக்கும் கருகிய ரொட்டியையும் தண்ணீர்ப் பருப்பையும் படம் பிடித்து ஜனங்களுக்குக் காட்டினார். அந்த ஏப்ரலில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். துப்பாக்கி ஏந்தும் படையில் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கட்டுப்பாடு வேறு, வாய்ப்பூட்டு வேறு. அவனுக்குச் சங்கம் இல்லை. ஆகவே சங்கம் உள்ள நாம் அவனுக்காகப் பேச வேண்டும்.

இன்னொரு அநியாயமும் உண்டு. எல்லைக்கென்று அமைத்த இந்தப் படையை 2009லிருந்து சத்தீஸ்கர் காடுகளுக்கும் அனுப்பினார்கள். மாவோயிஸ்டுகளின் பாதை நம் பாதையல்ல. ஆனால் நிலமும் காடும் கேட்கும் ஆதிவாசியின் பிரச்னைக்குப் பட்டாளம் பதிலாகாது. உழவன் வீட்டுப் பிள்ளையை உழவன் வீட்டுப் பிள்ளைக்கு எதிரே துப்பாக்கியோடு நிறுத்தினால் ஆதாயம் யாருக்கு? சுரங்க முதலாளிக்கு!

நாம் கேட்பது என்ன?

எல்லைப் போலீஸ் ஜவானுக்குப் பிடித்தமில்லாத பழைய பென்ஷனைக் கொடு! அறிவித்த 100 நாளைக் கொடு! குறையைப் பயமின்றிச் சொல்ல ஒரு வழியைத் திற! எல்லைச் சாலைத் தொழிலாளிக்குத் தரகன் இல்லாத முழுக் கூலியும், விபத்துக்கு நஷ்டஈடும் கொடு! எல்லைப் படையை எல்லையில் வை, ஜனங்கள் மீது ஏவாதே! சீனாவோடு பேசு, வரப்புக்குக் கல் நடு, சமாதானத்தை நிலைநிறுத்து!

தோழர்களே, நாளைக் காலை மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் இந்தக் கோரிக்கைகளுக்குக் கையெழுத்து வாங்கத் தொடங்குங்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பையன் இந்தப் படைகளில் இருக்கிறான் என்று விசாரியுங்கள். அவன் தாயிடம் போங்கள். "உங்கள் மகன் பேச முடியாததை எங்கள் சங்கம் பேசும்" என்று சொல்லுங்கள். அந்த அம்மாவின் கையெழுத்து முதல் கையெழுத்தாக இருக்கட்டும்.

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக! சமாதானம் வெல்க!